வேலிக்குப் பின்னால் எறிந்த பந்துகள்

முதலில் சத்தம்தான் வந்தது. ‘டொப்’.

தோல் கையுறைக்குள் பேஸ்போல் பந்து போய் விழும் சத்தம் அது. நீங்களும் நானும் எறிந்தால் ‘தப்’ என்று, ஈரத் துணியைத் தரையில் போட்டது போலக் கேட்கும். கையில் வலு உள்ளவன் எறிந்தால் அதற்குள் ஒரு வெடி இருக்கும்.

ரொறன்ரோ பக்கம், மில்லிக்கனில் ஒரு பூங்கா மைதானம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். மட்டைக்காரர் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னே, கம்பி வலைக்கு இப்பால், மடிப்புக் கதிரையில் நான் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வந்திருந்த வால்ட். சூரியகாந்தி விதை கொறித்து, கோதைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டிருந்தார். இடது பக்க வேலிக்குப் பின்னாலிருந்து மறுபடியும் ‘டொப்’.

“யார் அது?” என்றார் வால்ட்.

“நீங்கள் பார்க்க வந்த ஆள்தான்” என்றேன். நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த சத்தத்துக்கும் நிமிர்ந்தது. அதற்கடுத்ததற்குக் கொஞ்சம் குனிந்தது. ஆட்டம் தொடங்கி அரை மணிதான் ஆகியிருக்கிறது. அவன் எறிய வேண்டியது கடைசிப் பக்கம், ஏழாவது இன்னிங்ஸில். இப்போதே ஏன் எறிகிறான்?

காற்சட்டை இல்லாத சாரணர்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் பனியில் சறுக்கி விழுந்த கதையை எழுதியதற்கு ஒரு வாசகி, “நீங்கள் செய்த உத்தியோகங்களில் உருப்படியாக ஒன்றாவது உண்டா?” என்று கேட்டிருந்தார். இல்லை அம்மா. இதோ இன்னொன்று.

வாரத்தில் ஐந்து நாள் நான் வீட்டுக் காப்புறுதி விற்கிறவன். மிச்ச நேரத்தில் ஓர் அமெரிக்க பேஸ்போல் கழகத்துக்கு, அதன் பெயர் இங்கே வேண்டாம், பகுதிநேர ஸ்கவுட்டாக இருந்தேன். அதாவது, திறமைசாலி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று மைதானம் மைதானமாக மோப்பம் பிடித்துத் திரிகிற ஆள். இந்த வேலை கிடைத்த அன்று மனைவியிடம், “நான் இப்ப ஸ்கவுட்” என்றேன். “இந்த வயசில அந்தக் காக்கிக் காற்சட்டை உங்களுக்குப் பத்தாது” என்றார் அவர்.

எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பது கழகத்துக்கே இன்றுவரை புதிர். பள்ளிக்கூடத்தில் நான் கிரிக்கெட்டில் வேகப் பந்து வீச்சாளன். வேகம் என்று சொன்னது நான் மட்டும். என் பந்து போய்ச் சேர்வதற்குள் மட்டைக்காரர் சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிடுவார். வேகம் என்ன என்பதை அது இல்லாதவன்தான் நன்றாக அறிவான் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்தவர்கள் எடுத்துவிட்டார்கள்.

வேகம் அளக்கிற ரேடார் துப்பாக்கி ஒன்று தந்தார்கள். நெடுஞ்சாலையில் பொலிஸ்காரர் பிடிக்கிற அதே சாமான். ஒருநாள் அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்டீல்ஸ் வீதி ஓரம் நின்று வருகிற கார்களை நோக்கிப் பிடித்தேன். ஒரு கார் ஓரம் கட்டியது. நம்மவர் ஒருவர் இறங்கி, சாரதி உரிமப் பத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டினார். “அண்ணை, பிள்ளையை ரியூஷனுக்கு விட ஓடினனான். கொஞ்சம் பாத்து எழுதுங்கோ.” இந்த முறை மன்னித்து அனுப்பினேன். கனடாவில் எனக்கு அதிகாரம் இருந்த ஒரே நாள் அதுதான்.

செத்த வீட்டு முகம்

இந்தத் தொழிலில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. நல்ல ஆளைக் கண்டால் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. பக்கத்தில் வேறு கழகத்து ஸ்கவுட்டும் இருப்பார். நீ கண்ணை விரித்தால் அவரும் குறித்துக்கொள்வார். எறிபவனோடு ஆட்ட நாளில் உறவு கொண்டாடவும் கூடாது. கைதட்டல் கூடாது. பந்து எவ்வளவு வேகமாகப் போனாலும், மழை வருமா என்று யோசிப்பவன் போல வானத்தைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் இதைப் பழகப் பல வருடம் எடுத்தார்களாம். எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ரொறன்ரோவில் நம்மவர் செத்த வீடு ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. முன்வரிசைக் கதிரை, கைகட்டல், நிலத்தைப் பார்த்தல். அதே முகத்தை மைதானத்துக்கும் கொண்டுபோனேன்.

முகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தோடு நான் சிபாரிசு செய்த ஒருவரையும் கழகம் எடுக்கவில்லை. வருடக் கணக்காக. “நீங்கள் கலியாணத் தரகராப் போயிருக்கலாம்” என்பார் மனைவி. “அங்கயெண்டா பாவம் பாத்தாவது ஒண்டு ரண்டு பொருந்தும்.”

இடியப்பம் வாங்கப் போனவன்

ஜனகனை நான் கண்டுபிடிக்கவில்லை. காதில் விழுந்தான்.

மனைவி இடியப்பம் வாங்கி வரச் சொல்லியிருந்தார். பிளாசாவில் பார்சலை வாங்கிக்கொண்டு காரில் ஏறி, கண்ணாடியை இறக்குகிறேன், பின்பக்க மைதானத்திலிருந்து அந்த ‘டொப்’. பின்பெட்டியிலிருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மற்றக் கையில் இடியப்பத்தோடு வேலி ஓரம் ஓடினேன்.

கதவு நிலையில் தலை இடிக்கும் உயரத்தில் ஒரு பெடியன் எறிந்துகொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். துப்பாக்கியைப் பிடித்தேன். மணிக்குத் தொண்ணூற்றேழு மைல். பற்றரி பழுது என்று நினைத்து உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பப் பிடித்தேன். தொண்ணூற்றெட்டு.

வேறு ஸ்கவுட் ஒருவரும் அங்கே இல்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் செத்த வீட்டு முகம் தானாக வந்துவிட்டது. அவன் பயந்துபோய் ஓடி வந்தான். “ஆர் யூ ஓகே, அங்கிள்? கொஞ்சம் இருங்கோ, தண்ணி கொண்டு வாறன்.”

இப்படித்தான் எனக்கு ஜனகனைத் தெரியும். முதலில் அவன் எறிந்த வேகம், அடுத்த நிமிடம் அவன் கொண்டுவந்த தண்ணீர். இரண்டில் எது அவனை விழுத்தியது என்று கேட்டால், தண்ணீர் என்றுதான் சொல்வேன்.

இடியப்பத்தை அங்கே ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் விட்டுவிட்டு வந்த கதை இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

ஒரே ஒரு ஞாயிறு

அவன் இங்கே பிறந்தவன். குளிர்காலத்தில் ஃபேர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் உலை, திருத்துகிற வேலை. பதினெட்டு வயதில் பந்து எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாமல் எறிந்ததால் ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு வார இறுதி லீக்கில் ஆடி ஆடி, சொன்ன இடத்தில் போடப் பழகிவிட்டான். அதற்குள் வயது போய்விட்டது. இருபத்தைந்தை ஒரு கழகம் கஷ்டப்பட்டுப் பார்க்கும். இருபத்தாறைப் பார்க்காது.

அவன் ரிலீவர். பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கத்தில் எறிபவர் நெடுநேரம் நின்று பிடிக்க வேண்டும். ரிலீவர் கடைசியில் வருவார். கொஞ்சப் பந்துதான். உடம்பில் உள்ளது முழுவதையும் அந்தக் கொஞ்சத்தில் கொட்டிவிட்டுப் போவார். அதுவரை வேலிக்குப் பின்னால் சும்மா இருந்து, நேரம் நெருங்கும்போது அளவாக எறிந்து கையைச் சூடாக்குவார். அளவாக. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அறிக்கைகளைப் பார்த்துக் களைத்துப் போனவர்தான் வால்ட். மேலிடத்தில் இருந்து, எங்களைப் போன்றவர்கள் சொல்வது மெய்யா என்று சரிபார்ப்பது அவர் வேலை. நான் கெஞ்சிய கெஞ்சலில், “ஒரு ஞாயிறு வருகிறேன். மாலையில் எனக்கு விமானம் இருக்கிறது” என்றார். அவருக்கு ஒரு பிடிவாதம். எதிரே மட்டையோடு ஆள் நின்றால்தான் அது பந்து. பயிற்சியில் எறிவதையெல்லாம் பார்க்கவே மாட்டார்.

ஜனகனிடம் சொன்னேன். “அப்பா இருந்திருக்க வேணும்” என்றான். தகப்பன் அதற்கு முந்திய குளிர்காலத்தில் காலமாகியிருந்தார்.

தவம் மாமா சனம் சேர்த்தார்

ஜனகனின் தாய்மாமன் தவம். தகப்பன் போன பிறகு அந்த வீட்டுக்குத் தூண் அவர்தான். நல்ல மனிதர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்டவர் ஒருவராவது இந்தக் கதையில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

“அமெரிக்காவில இருந்து ஒருத்தர் வாறார், நாங்கள் சனம் காட்ட வேண்டாமோ?” என்றார் தவம். “வெறும் வாங்குகளைப் பாத்தா அந்தாள் என்ன நினைக்கும்? உவனுக்கு ஆளில்லை எண்டெல்லோ நினைக்கும்.”

“அண்ணை, இது அரங்கேற்றம் இல்லை” என்றேன்.

“நீர் சும்மா இரும். சாப்பாடு என்ட பொறுப்பு.”

வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. ஆட்டம் ஒரு மணிக்கு. இங்கேதான் தவம் ஒரு பிழை விட்டார். நம்மவர் விழா வைத்தால் ஒரு மணி விழாவுக்குப் பதினொன்றரை என்றுதான் அடிப்பார்கள். அப்போதுதான் சனம் ஒரு மணிக்கு வந்து சேரும். தவம் நேர்மையாக ஒரு மணி என்றே போட்டுவிட்டார். ஆகவே சனம் ஒன்றரைக்குத் தொடங்கி, ஒரு கார், இன்னொரு கார் என்று பின்னேரம் வரை வந்தபடியே இருந்தது.

எல்லோரும் ஒன்றாக வந்திருந்தால் ஒரே பந்தோடு முடிந்திருக்கும்.

வேலிக்குப் பின்னால்

மறுபடியும் ‘டொப்’. வால்ட் கோதைத் துப்பினார். “உன் ஆளை மிச்சம் பிடிக்கச் சொல்” என்றார், மைதானத்தை விட்டுக் கண் எடுக்காமல்.

சட்டம் என்ன சொன்னாலும் சலம் கழிக்கப் போகலாம். அந்தச் சாட்டோடு எழுந்து, கார் தரிப்பிடத்தைச் சுற்றி வேலிக்குப் பின்னால் போனேன்.

அங்கே ஒரு கலியாண வீடு நடந்துகொண்டிருந்தது. அலுமினியத் தட்டுகளில் ரோல்ஸ், வடை. ஃபிளாஸ்கில் தேத்தண்ணி. நடுவில் ஜனகன், சேர்ட் முதுகோடு ஒட்ட, பந்தோடு. அவனுக்கு எதிரே குந்தியிருந்த பிடிகாரப் பெடியன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான்.

புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் தவம் வேலி ஓரம் கூட்டிவந்தார். வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது போல, ஜனகன் அவருக்கு ஒரு பந்து எறிந்தான்.

“அண்ணை, காணும்” என்றேன் தவத்திடம். “உவன் இனி எறியப்படாது.”

“ஒண்டு ரண்டுதானே. இளந்தாரிக் கை.”

“சிலிண்டரில கொஞ்சக் காஸ்தான் இருக்கு, அண்ணை. நீங்கள் அதில தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறியள். பிறகு அடுப்பெரியாது.”

தவம் என்னைத் தள்ளிக் கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார். “அங்க பாரும். பிக்கரிங்கில இருந்து வந்தவை. கார் இல்லை, ரயிலும் பஸ்சும் மாறி வந்தவை. மனிசிக்கு முழங்கால் ஏலாது. அவைக்கு ஒண்டும் காட்டாம விடுறதோ?”

நேரே ஜனகனிடம் போனேன். “தம்பி, எறியிறதை நிப்பாட்டு. இல்லையெண்டா சும்மா மெதுவாப் போடு.”

“மெதுவாத்தான் போட்டனான், அங்கிள். மார்க்கத்தில இருந்து வந்த அந்த மாமா, ‘உதுதானோ? என்ட மருமகனும் உப்பிடி எறிவான்’ எண்டார்.”

“அவர் சொல்லட்டும்.”

“எல்லாரும் அப்பாவின்ட ஃபியூனரலுக்கு வந்தவை, அங்கிள். ஸ்னோவில நிண்டவை.” கையை ஒருமுறை உதறினான். “ஐ காண்ட் சே நோ. இட்ஸ் ஓகே. கை நல்லா இளகியிருக்கு.”

பிக்கரிங் அன்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வந்துவிட்டார். “எங்க அப்பு, எனக்கும் ஒருக்கா எறிஞ்சு காட்டு.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தான். எறிந்தான். அதுவரை நான் கேட்டவற்றில் மிகப் பெரிய ‘டொப்’ அதுதான். அன்ரி நெஞ்சில் கை வைத்து, “என்ட அப்பனே” என்றார். என் துப்பாக்கி அங்கே கதிரையடியில் இருந்தது. அந்தப் பந்தின் வேகம் எவருக்கும் தெரியாது.

ஏழாவது இன்னிங்ஸ்

அவன் நடுமைதானத்துக்கு நடந்து வந்தபோது நம் சனம் எழுந்து நின்று கைதட்டியது. வால்ட் கோப்பையைக் கீழே வைத்தார். தன் ரேடார் துப்பாக்கியைத் தூக்கினார். அன்று அதுவரை அவர் அதைத் தொடவில்லை.

முதல் பந்து தொண்ணூற்றொன்று.

சில பேருக்கு முதல் பந்து அப்படித்தான் என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டாவது தொண்ணூறு. சத்தம் ‘டொப்’ இல்லை. ‘தப்’. ஈரத் துணி. மட்டைக்காரர் ஒருவர் அதைச் சாவகாசமாக அடித்துவிட்டு ஓடினார். பந்து எங்கே போனாலும் நம் சனம் கைதட்டியது. அவர்களுக்கு எறிகிறான் என்பதே போதும்.

மூன்றாவது ஆளுக்கு ஒரு பந்து. கை மேலே போனது, பாதியில் ஏதோ அறுந்தது போல விரல்கள் திறந்துவிட்டன. பந்து ஒருவரையும் நோக்காமல் எங்கள் வலைக்கு மேலால் பறந்து கார் தரிப்பிடத்தில் விழுந்தது. ஜனகன் அதைப் பார்க்கவில்லை. வலது முழங்கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, குழந்தையைத் தூக்கியவன் போல நின்றான்.

பின்னால் யாரோ, “பாத்தியளோ, எவ்வளவு தூரம் போகுது” என்றார்.

அன்றுதான் அந்தச் செத்த வீட்டு முகத்தை நான் நடிக்காமல் வைத்திருந்தேன்.

வால்ட் துப்பாக்கியை உறையில் போட்டார். “கை வருகிற விதம் அழகாக இருக்கிறது” என்றார். இந்தத் தொழிலில் ஒருவரை வழியனுப்ப அதைவிட மரியாதையான வாக்கியம் இல்லை. வாசலில் தவத்தின் மனைவி மறித்து, பேப்பரில் சுற்றிய ரோல்ஸை அவர் கையில் திணித்தார். “பிளேனில சாப்பிடுங்கோ.” அவர் மறுக்கவில்லை. அவராலும் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் வேலிப் பக்கம் போனேன். ஜனகன் வாங்கில் இருந்தான். முழங்கையில் ஐஸ். நான் பகிடி விட்டுப் பிழைக்கிறவன். எந்த வீட்டிலும் எனக்கு ஒரு பகிடி வரும். அன்று வரவில்லை.

“அவர் என்ன சொன்னவர், அங்கிள்?”

“கை வாற விதம் வடிவா இருக்காம்.”

“ஓ” என்றான். பதினெட்டு வயதிலும் இப்படி வழியனுப்பப்பட்டவன். அதன் அர்த்தம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

கலியாண மண்டபம்

முழங்கை எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நாண் அறுந்திருந்தது. இன்னோர் இடத்து நாணை வெட்டி அதில் கட்டினார்கள். திரும்ப எறியலாமா என்று வைத்தியரிடம் கேட்டபோது, “ஃபேர்னஸ் திருத்தலாம்” என்றாராம். அவனுக்கு இருபத்தாறு வந்தது. நான் துப்பாக்கியைத் திருப்பி அனுப்பினேன். கழகத்தில் ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

இப்போது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நான் எங்கே போனாலும் ஒருவர் பிடித்துக்கொள்வார். “ஜனகன் அண்டைக்கு எனக்கெண்டு ஒரு பந்து எறிஞ்சவன், தெரியுமோ? கண் மூடித் திறக்க முந்திப் போச்சு.” எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் கண்டார்கள். காண வேண்டிய ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் காணவில்லை.

சில மாதத்துக்கு முன் மார்க்கத்தில் ஒரு கலியாணம். மேசையில் எனக்குப் பக்கத்துக் கதிரை ஜனகனுக்கு. கோட் சூட்டில் நன்றாக இருந்தான். ஃபேர்னஸ் பற்றிக் கதைத்தோம். என் வீட்டு ஃபேர்னஸ் எழுப்புகிற சத்தத்தை நான் வாயால் எழுப்பிக் காட்ட, சிரித்தான். பேஸ்போல் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

பலகாரத் தட்டோடு ஓர் அன்ரி வந்தார். முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தார். பிக்கரிங் அன்ரிதான். தட்டை அவன் முன் நீட்டினார். ஜனகன் இடது கையை நீட்டினான்.

“என்ன பிள்ளை, இடக்கையால? நல்ல நாளில” என்றார் அன்ரி, செல்லமாக. “வலக்கையால எடு, அப்பு.”

காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஜனகன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தான்.

“சொரி, அன்ரி.”

இடது கையை மடியில் வைத்துவிட்டு வலது கையை நீட்டினான். பாதி வரை வந்தது. அதற்கு மேல் நீளவில்லை. கை அங்கேயே, மேசைக்கு மேல், நின்றது.

அன்ரி ஒன்றும் விளங்காமல், தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார்.